எடுத்த கருமம்

சித்திரை வருடப் பிறப்பன்று பெரியோரிடம் கைவிசேடம் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் இளைஞன் ஒருவனை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. இவ்வருடத்தில் இன்னதைச் செய்தே முடிப்பேன் என்று அவன் தனக்குள் உறுதி செய்துகொள்கிறான். அது பரீட்சை ஒன்றில் தேறுவதாயிருக்கலாம். வயலின் வாசிக்கப் பழகுவதாயிருக்கலாம். பாட்டனார் விட்டுச்சென்ற தரிசு நிலத்தைத் திருத்துவதாயிருக்கலாம். புதிய கொப்பி ஒன்றை எடுத்து, முதற்பக்கத்தில், காலை நான்கு மணிக்கு எழுவது தொடங்கி இரவு பத்து மணிக்குப் படுப்பது வரை நேரசூசி எழுதி, அடியிலே கோடும் கீறி விடுகிறான். வைகாசி விசாகம் வரை நேரசூசி ஒழுங்காக நடக்கிறது. ஆனியில் நான்கு மணி ஐந்து மணியாகிறது. ஆடிப் பிறப்புக்குக் கூழ் காய்ச்சும் நாளிலே அந்தக் கொப்பியின் எஞ்சிய தாள்களில் அவனுடைய தங்கை கணக்குச் செய்துகொண்டிருக்கிறாள்.

இந்தக் கொப்பியை அறியாதவர் நம்முள் மிகச் சிலரே. இளைஞனுடைய தோல்விக்குக் காரணம் சோம்பல் என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுவர். அவனும் அதை நம்பிவிடுகிறான். கொப்பி வீணானது சிறு நட்டம். தன்னால் எதுவும் முடியாது என்று அவன் நம்பத் தொடங்கியது பெரிய நட்டம். உண்மையில் அவனிடம் ஊக்கம் இல்லாமற் போகவில்லை. ஊக்கம் மிகுதியாகவே இருந்தது. அதை வைத்துக் காப்பதற்கு ஒரு பாத்திரம்தான் இல்லை.

ஊக்கம் என்பது மனத்தில் எழும் ஓர் உணர்ச்சி. உணர்ச்சியின் இயல்பு எழுவதும் அடங்குவதும். அது அடங்கும் நாள்களிலும் காரியம் நடக்குமாறு வாழ்க்கையை அமைத்துக் கொள்பவரே எடுத்த கருமத்தை முடிக்கிறார். இதைப் பொதுப்படச் சொல்லிப் பயனில்லை. ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து, ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு ஏற்றவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பெயருக்கு முன் நிற்கும் சி. வை. என்ற எழுத்துகள் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை என்பதன் குறுக்கம். ஊரும் தந்தையும் அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கியிருக்கின்றனர்.

1832ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையாரிடத்தும், பின் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்தும் தமிழ் கற்றார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரிமாருடைய பாடசாலையிலும், அப்பால் அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பிறவும் கற்றார். இருபதை ஒட்டிய வயதிலேயே நீதிநெறி விளக்கம் என்ற சிறு நூலை உரையோடு அச்சிட்டார். தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்திய பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னைக்குச் சென்றார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவரும் வட்டுக்கோட்டையிற் படித்த யாழ்ப்பாணத்தவரே, கறோல் விசுவநாதபிள்ளை. அந்தச் செய்தியை நம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. சொல்லட்டும். ஆயினும் அவருடைய வாழ்க்கையில் நாம் கற்க வேண்டிய பகுதி பட்டத்தோடு முடிவதன்று. பட்டத்திற்குப் பின்னே வருவது.

கள்ளிக்கோட்டையில் ஆசிரியராய்ச் சில காலம் இருந்தார். பின்பு சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் ஏற்றார். காலையிற் சென்று மாலையில் மீளும் வேலை. எண்களோடு எண்களைப் பொருத்திப் பார்க்கும் வேலை. 1868இல், தமது 36ஆம் வயதில், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1871இல், 39ஆம் வயதில், சட்டக் கல்வியில் பட்டம் பெற்றார். 1876இல் ஏழாலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையை நிறுவினார். இதன் பின்னர் ஐம்பதை எட்டும் வேளையிலேதான் அடுத்த பெரும் பதிப்பாகிய வீரசோழியம் வந்தது, ஆண்டு 1881. மறு ஆண்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

1868க்கும் 1881க்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். நம்முடைய இளைஞன் சித்திரைக்கும் ஆடிக்கும் இடையே மூன்று மாதத்தில் மனம் உடைந்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பதின்மூன்று ஆண்டு வெளியே பெரிதாக ஒன்றும் தோன்றாதிருக்க, உள்ளே ஒரு நோக்கம் அணையாமலிருந்தது. அணையாமலிருந்தது என்பதை எப்படி அறிகிறோம் எனின், பின்னர் வந்த அறுவடையைக் கொண்டே அறிகிறோம். தணிகைப் புராணமும் இறையனார் அகப்பொருளும் 1883இல் வந்தன. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல் வந்தது. கலித்தொகை 1887இல். இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இல். இத்தனையும் ஐம்பது வயதுக்குப் பின். இளமையில் எதையும் சேர்க்காத ஒருவர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் இவற்றைத் தொடங்கியிருக்க முடியாது.

அவருடைய நோக்கத்தின் வடிவத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழுக்குத் தொண்டு செய்வேன் என்று அவர் தொடங்கியிருப்பாராயின், அதுவும் நம் இளைஞனுடைய நேரசூசி போலவே ஆகியிருக்கும். தொண்டு என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவர் சொல்வார்? அவர் பதிப்பித்த நூல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நோக்கம் மிகவும் ஒடுங்கியதாய் இருந்தமை தெரிகிறது: அழிந்துபோகும் நிலையிலுள்ள பழைய நூலை அச்சுக்குக் கொண்டுவருதல். அவ்வளவே. அவர் சைவர். ஆயினும் வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரனார் செய்த இலக்கணம். சூளாமணி சமண காவியம். தமக்கு உவந்தது எது என்று அவர் கேட்டிருந்தால் இவ்விரண்டும் அவர் மேசைக்கு வந்திரா. எது அழியப் போகிறது என்று கேட்டமையால் வந்தன. இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால், அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொரு நாளும் புதிதாக மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. ஊக்கத்தின் பெரும்பகுதி இந்த வாதாட்டத்திலேதான் நம்மில் பலருக்குச் செலவாகிறது.

அந்த வேலை எத்தகையது என்பதையும் அறிய வேண்டும். இன்று ஏட்டுச் சுவடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே கண்டவர் பலர். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, எழுத்துத் தெரிவதற்காக மையோ கரியோ பூசித் துடைத்தெடுப்பார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென்று புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. ஏட்டில் எரி என்று இருக்குமாயின் அது தீயா, ஏரியா என்பதைப் படிப்பவரே துணிய வேண்டும். கல என்றிருப்பது கல்லும் ஆகலாம். நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பாட்டு எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பல ஏடுகளில் அடையாளமே இராது. ஒரே நூலின் மூன்று பிரதிகளை எடுத்து வைத்தால் மூன்றிலும் பாடம் வேறுபடும். எழுதினவன் தூங்கி விழுந்த இடமும், தனக்குத் தெரிந்த சொல்லைப் புகுத்திய இடமும் உண்டு. செல்லும் பூச்சியும் தின்ற இடம் வேறு. பிரதி எழுதிக் காக்கப்படாத ஏடு சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது. பழுதுபட்ட சுவடிகளை ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விட்டுவிடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. ஏட்டைக் கையிலெடுக்க ஓரம் உதிர்வதையும், கட்டவிழ்க்க இதழ் முறிவதையும் தாமோதரம்பிள்ளையவர்கள் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

இத்தகைய வேலையை உணர்ச்சி வேகத்தாற் செய்ய முடியாது. நேற்று விட்ட ஓலையை இன்று எடுத்து, மற்றப் பிரதியின் அதே இடத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்து, அடுத்த ஓலைக்குச் செல்வதே வேலை. இது கணக்கு அலுவலகத்து வேலையைப் போன்றதே அன்றோ? ஒரு பதிவேட்டின் வரியை மற்றொரு பதிவேட்டின் வரியோடு ஒப்பிடும் பழக்கம் இரவில் ஏட்டின்முன் அமர்ந்தபோது அவருக்குக் கை கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். வயிற்றுப்பாட்டுக்கான வேலை என் இலட்சியத்தைத் தின்றுவிட்டது என்று குறைப்படுவோர் நம்முள் அநேகர். அந்தக் குறை சில வேளை உண்மையும்தான். ஆனால் தாமோதரம்பிள்ளைக்கு உத்தியோகம் மூன்று வகையில் உதவியது: சம்பளம் தந்தது, அச்சுக்கூடங்களும் புலவர்களும் நிறைந்த நகரத்தில் நிறுத்தியது, பொறுமையைப் பழக்கியது. விற்று வரும் பணத்தை நம்பிச் செய்யும் தொழிலன்று பழந்தமிழ்ப் பதிப்பு. உத்தியோகத்தை உதறிவிட்டு வந்திருந்தால், முதற் பதிப்பின் கடனிலேயே அவர் மூழ்கியிருக்கக்கூடும்.

சிறுப்பிட்டியின் அயலிலே, புத்தூரை அடுத்து, நிலாவரைக் கிணறு இருக்கிறது. பார்க்காத நேயர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. உப்புநீரிலும் நன்னீர் பாரம் குறைந்தது. ஆகையால் அது கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதக் கால்கள் களைத்தபோது இறைப்பும் நின்றது. ஊற்று மீண்டும் ஊறியது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின், ஊறுமுன்னே இறைத்ததனால் தோட்டக் கிணறுகள் பல உவரேறின. கிணற்றில் நீர் முழுவதும் தீர்ந்து போவதன் முன்னரே நீரின் சுவை மாறிவிடுகிறது என்பதே இதில் கவனிக்கத் தக்கது. மனித ஊக்கமும் அவ்வாறே. காலை நான்கு மணி முதல் இரவு பத்து மணி வரை நேரசூசி போட்ட இளைஞன் ஊறுமுன் இறைத்தவன். சில வாரத்தில் அவனுக்குப் புத்தகத்தைக் கண்டாலே கசக்கிறது. கசப்புக்குக் காரணம் அவனுக்குத் தெரிவதில்லை.

இதற்கு மறுபுறமான ஒரு வாழ்க்கையும் அதே காலத்தில் இருந்தது. ஜெர்மனியிற் பிறந்த சிலீமான் என்பவர் வணிகத்திற் பெரும் பொருள் ஈட்டி, ஓமர் பாடிய டிராய் நகரைக் கண்டே தீர்வதென்று புறப்பட்டார். அவர் துருக்கி நாட்டில் மண்வெட்டியோடு பெரும் அகழ்வைத் தொடங்கிய 1871ஆம் ஆண்டே தாமோதரம்பிள்ளை சட்டப் பட்டம் பெற்ற ஆண்டும். சிலீமான் நகரைக் கண்டார்; உலகப் புகழும் பெற்றார். ஆனால் அடித்தளத்தை எட்டும் ஆவலால் அவர் மேலடுக்குகளை வெட்டி எறிந்தார். அவர் தேடிய காலத்துக்குரிய சின்னங்கள் அந்த மேலடுக்குகளிலேயே இருந்தன என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆர்வம் குறைந்தால் காரியம் நடவாது என்பதை எல்லாரும் அறிவர். மிகுந்தாலும் காரியம் கெடும் என்பதை டிராய் நகரத்து மண்மேடு இன்றும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இனி, தாமோதரம்பிள்ளையின் வாழ்வில் மிகவும் கடினமான இடத்துக்கு வருவோம். ஓய்வு பெற்ற பின் அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் இருந்தார். அவ்வூர்க் கல்லூரியிலே தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர்; பிள்ளையவர்களுக்கு இருபது ஆண்டுக்குமேல் இளையவர். இருவர் கண்ணும் ஒரே நூலின்மேல் விழுந்தன. அது சீவகசிந்தாமணி. பிள்ளையவர்கள் தம்மிடமிருந்த பிரதியைக் கேட்டதையும், தாம் மனம் தடுமாறியதையும், இறுதியில் தாமே பதிப்பிப்பதென்று துணிந்ததையும் ஐயரவர்களே தமது என் சரித்திரம் என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அனுபவத்தாலும் வயதாலும் பதவியாலும் முந்தியவர் கேட்டார், இளையவர் கொடுக்கவில்லை. ஐயரவர்கள் செய்தது சரியே. அந்தப் பதிப்பு எத்தகையது என்பதைத் தமிழுலகம் அறியும். பிள்ளையவர்கள் கேட்டதையும் குறையென்று சொல்லத் துணியேன். அழியுமுன் அச்சேற வேண்டும் என்ற அவசரம் அவருக்கு எப்போதும் உண்டு.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. நெடுநாள் நெஞ்சில் வைத்திருந்த ஒன்று இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அப்பால் அவர் என்ன செய்தார்? சாமிநாதையரின் சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகை வெளிவந்ததும் அதே 1887இல். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அது. சிந்தாமணி கிடைக்காத ஏக்கத்தில் அவர் ஓர் ஆண்டை வீணாக்கியிருந்தாலும் நாம் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டோம். ஆயின் அவருடைய மேசையில் ஒரு நூல் மாத்திரம் இருக்கவில்லை. நோக்கம் சிந்தாமணி அன்று. அழியும் நூலை அச்சேற்றுவதே நோக்கம். சிந்தாமணியை மற்றொருவர் காப்பாரென்றால், காக்க வேண்டியவற்றுள் ஒன்று குறைந்தது. அவர் இவ்வாறு எண்ணித் தேறினாரோ, உள்ளே வருந்திக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாரோ, நாம் உள்ளே புகுந்து பார்க்க இயலாது. வருந்தியிருந்தாலும் வியப்பில்லை. வருத்தம் ஓய்ந்த பின்புதான் வேலை செய்யலாம் என்று அவர் காத்திராதது மட்டும் தெளிவு.

நம்முடைய பிள்ளைகளுக்கு இது மிகவும் வேண்டிய பாடம். குடாநாட்டில் ஒரு பரீட்சையின்மேல் முழு வாழ்வையும் ஏற்றிவைத்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மருத்துவ பீடத்துக்கு இடம் கிடைத்தால் வாழ்வு, இல்லையேல் தாழ்வு என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம். மருத்துவராவது என் நோக்கம் என்ற பிள்ளைக்கு ஒரு வாயில் மூடினால் எல்லாம் மூடியது. நோயுற்றவருக்கு உதவுவது என் நோக்கம் என்ற பிள்ளைக்குத் தாதியர் பணியும், மருந்துக் கலவையும், ஆய்வுகூடமும், கிராமத்துச் சுகாதார சேவையும் திறந்தே இருக்கின்றன. நோக்கத்தை எந்தச் சொற்களில் அமைத்துக்கொள்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

குறையில்லாமற் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் பலரைத் தொடங்கவொட்டாமல் தடுக்கிறது. பொருளதிகாரத்தைப் பிள்ளையவர்கள் முழுவதும் நச்சினார்க்கினியர் உரையென்றே 1885இல் அச்சிட்டார். அதன் இறுதி இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் ஆராய்ந்து நிறுவினார். இது சிறு பிழையன்று. ஓர் உரையாசிரியரின் உழைப்பு இன்னொருவர் பெயரில் நின்றது. ஆனால் இராகவையங்கார் ஆராய்வதற்குக் கையிலே அச்சிட்ட நூல் ஒன்று இருந்தது என்பதையும் எண்ண வேண்டும். நாவலர் பரிசோதித்துக் கொடுத்த காலத்தில் பிள்ளையவர்களுக்குப் பின்பலம் இருந்தது. 1879இல் நாவலர் மறைந்தார். தம்மினும் வல்லவர் ஒருவர் வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் குற்றம் கூறுவார் யாரும் இரார், ஏடும் இராது. அடுத்த இரண்டாண்டில் வீரசோழியம் வந்தது.

காத்திருப்பதன் விலை என்ன என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அச்சிட்ட நூலுக்கு வேறெங்கேனும் ஒரு பிரதி இருக்கும். தனியொரு சுவடிக்கு இல்லை. கலித்தொகை இன்று எந்த நூலகம் எரிந்தாலும் அழியாது.

எல்லாரும் தாமோதரம்பிள்ளை ஆகலாமா என்று ஒரு நேயர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆங்கிலக் கல்வியும் அரசாங்கச் சம்பளமும் அவருக்குத் துணை நின்றன. அதே சிறுப்பிட்டியில், அதே ஆண்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அல்லது நிலமற்ற ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு, செமினரியின் வாயில் அவ்வாறு திறந்திராது. 1995இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடு வாசல் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, யாருடைய நேரசூசி யார் கையில் இருந்தது? வாழ்க்கை முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது என்று வானொலியில் ஒருவர் சொன்னால், அக்காலத்தில் அந்தப் பாதையில் நடந்த எவரும் நம்பமாட்டார். ஆகவே அவ்வாறு சொல்ல மாட்டேன். ஆயினும் இடம்பெயர்ந்த இடங்களில், கொட்டிலிலும் மரநிழலிலும் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. கரும்பலகையை மரத்திற் சாத்தி வைத்த ஆசிரியர்கள் அந்த மரத்தின் கீழே அடுத்த பாடம் எது என்பதைத்தான் நினைத்தார்கள். கையில் இருந்தது அவ்வளவுதான், அதை விடவில்லை.

நம் இளைஞனிடம் திரும்புவோம். அவனுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. முதற்பக்கத்து நேரசூசியைக் கிழித்துவிடு, தம்பி. பதினெட்டு மணித்தியாலத்தை ஆளப் புறப்பட வேண்டாம். நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள். ஒரு வேளையையும் ஓர் இடத்தையும் குறித்துவிடு. மனம் வரும்போது இருப்பேன் என்று வைத்துக்கொள்ளாதே. எழும்போது, நாளை எந்த வரியிலிருந்து தொடங்குவது என்பதை அந்தக் கொப்பியிலே எழுதி வைத்துவிட்டு எழு. ஏடு பார்த்தவர்கள் விட்ட இடத்தில் நூலோ ஈர்க்கோ செருகி வைத்தது இதற்காகத்தான். ஒரு நாள் தவறினால், மறுநாள் இரண்டு பங்கு செய்து ஈடுகட்ட முயலாதே. அது கிணற்றை உவராக்கும் வழி. தவறிய நாளைத் தவறிய நாள் என்றே விட்டுவிட்டு, செருகிய இடத்தைத் திற. உன் முயற்சியை அறிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். பிள்ளையவர்கள் தமக்கு ஏடு உதவியவர்களைப் பதிப்புரைகளிலே நன்றியோடு குறித்திருக்கிறார். ஏடு கொடுத்தவர் நூல் எப்போது வரும் என்று கேட்காமல் இருப்பாரா? அப்படிக் கேட்கும் ஒருவர் வாய்த்தால், மனம் சோர்ந்த நாளிலும் கை வேலையை விடாது.

எவ்வளவு காலம் ஆகும் என்று இளைஞன் கேட்பான். அவனுக்குச் சொல்ல இரண்டு ஆண்டுக் கணக்குகள் என்னிடம் உள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதியாகவும் சில ஆண்டு கடமையாற்றிவிட்டு, பிள்ளையவர்கள் 1892இல் மீண்டும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை எடுத்தார். 1868இல் சேனாவரையர் உரையோடு தந்த அதே அதிகாரம். இம்முறை நச்சினார்க்கினியர் உரை. முதலிற் பதிப்பித்தபோது அவருக்கு வயது 36. இப்போது 60. அவர் காலமானது 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி.